தோலுக்கு ஓர் எண், தொழிலுக்கு ஓர் எண்

காட்பாடிச் சந்திப்பிலிருந்து ஜோலார்பேட்டை நோக்கிச் செல்லும் பாசஞ்சர் வண்டியில் நீங்கள் பயணம் செய்திருக்கிறீர்களா? லத்தேரி, குடியாத்தம், மேல்பட்டி, பச்சகுப்பம் என்று நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போகும். பிறகு ஆம்பூர் வரும், அதற்கடுத்து வாணியம்பாடி. இந்தியத் தோல் தொழிலின் வரலாற்றை எழுதப் புகும் எவரும் விட்டுவிட முடியாத ஊர்கள் இவை.

அந்த வண்டியில் உங்கள் எதிரே மூவர் அமர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் வாணியம்பாடியில் தோல் பதனிடும் டேனரி நடத்துபவர். அடுத்தவர் ஆம்பூரில் ஷூவின் மேல்பகுதிகளைத் தைத்துக் கொடுக்கும் கம்பெனி வைத்திருப்பவர். மூன்றாமவர் காட்பாடியைச் சேர்ந்த இளைஞர். நல்ல தோலை எப்படி அறிவது, ஷூ எப்படித் தயாராகிறது என்பதையெல்லாம் படம்பிடித்து விளக்கி இணையத்தில் வெளியிடுகிறார். அவருடைய படங்களைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் அயல்நாட்டினர். பணமும் டாலர் கணக்கில் வருகிறது.

"உங்கள் தொழில் என்ன?" என்று கேட்டால் மூவருமே "தோல் சம்பந்தப்பட்டதுதான்" என்று கூறக்கூடும். ஆனால் 2008-ஆம் ஆண்டின் தேசியத் தொழில் வகைப்பாட்டைப் புரட்டிப் பாருங்கள். முதலாமவரின் எண் 1511. இரண்டாமவரின் எண் 1520. மூன்றாமவரின் எண் என்ன? பதிவுப் படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு அவரும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

அவருடைய ஐயம் புதியதன்று. பாலாற்றங்கரை நூறாண்டுக்கும் மேலாக இதே கேள்வியோடு வாழ்ந்து வந்திருக்கிறது. ஆகவே அவருக்கு விடை காண்பதற்கு முன், தோலின் கதையைச் சிறிது பார்ப்போம்.

இயற்கை போட்ட கோடு

பச்சைத் தோல் என்பது பெரும்பாலும் நீரும், கொலாஜன் என்னும் புரத இழைகளும் சேர்ந்தது. அப்படியே விட்டால் அழுகிவிடும், காய்ந்தால் விறைத்துப்போகும். இழைகளுக்கு இடையே ஒரு பொருளைப் புகுத்தி, அவற்றை ஒன்றோடொன்று பிணைத்து, அழுகாமலும் துவளும் தன்மை கெடாமலும் செய்வதே பதனிடுதல்.

நம் முன்னோர் இதற்கு ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் பயன்படுத்தினர். அவற்றிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் கொலாஜனோடு இணைந்துகொள்கிறது. இம்முறையில் பதனிட்ட தென்னாட்டுத் தோல் 'ஈஸ்ட் இந்தியா தோல்' என்ற பெயரோடு இலண்டன் சந்தையில் விலைபோயிற்று. 1884-ல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் குரோமிய உப்புகளால் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சென்னையில் 1903-ல் ஆல்பிரட் சாட்டர்டன் குரோம் பதனீட்டுச் சோதனைகளைத் தொடங்கினார்.

பச்சைத் தோலையும் பதனிட்ட தோலையும் வேறுபடுத்த ஓர் எளிய சோதனை உண்டு. தோலை நீரில் இட்டு மெல்லச் சூடாக்கினால் குறிப்பிட்ட வெப்பநிலையில் அது சட்டென்று சுருங்கும். பச்சைத் தோல் ஏறத்தாழ 60 முதல் 65 டிகிரி செல்சியசில் சுருங்கிவிடும். பட்டையால் பதனிட்ட தோல் 70 முதல் 85 டிகிரி வரை தாங்கும். நன்கு குரோம் ஏறிய தோலோ கொதிக்கும் நீரிலும் சுருங்காது. டேனரிகளில் ஒரு துண்டை வெட்டிக் கொதிநீரில் போட்டுப் பார்ப்பது இதற்காகத்தான்.

எனவே பச்சைத் தோல் எது, பதனிட்ட தோல் எது என்பதற்கு இயற்கையே ஒரு கோடு போட்டுத் தந்திருக்கிறது. அதை வெப்பமானியால் அளக்கவும் முடிகிறது.

அரசு போட்ட கோடு

இந்தக் கோட்டின் மேல் அரசு கை வைத்தது 1919-ல். முதல் உலகப் போரில் படைவீரர்களின் பூட்சுகளுக்குத் தென்னாட்டுத் தோல் பெருமளவில் சென்றிருந்தது. போர் முடிந்ததும் இந்திய அரசு பச்சைத் தோல் ஏற்றுமதிக்கு 15 விழுக்காடு வரி விதித்தது. அத்தோல் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்திற்குள்ளேயே பதனிடப்படுமானால் அவ்வரியில் மூன்றில் இரண்டு பங்கு திருப்பித் தரப்படும். கப்பலில் ஏறும் மூட்டை 'பச்சை' என்ற வரிசையில் எழுதப்படுமா, 'பதனிட்டது' என்ற வரிசையில் எழுதப்படுமா என்பதைப் பொறுத்து வணிகரின் இலாபமும் நட்டமும் அமைந்தன. 1923-ல் இவ்வரி 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

விடுதலைக்குப் பின் சிக்கல் வேறு உருவம் எடுத்தது. அரைகுறையாகப் பதனிட்ட தோலை நாம் அனுப்புகிறோம். அதை மெருகேற்றி ஷூவாக்கிப் பிற நாட்டார் பெரும்பொருள் ஈட்டுகிறார்கள். அந்த வேலையை இங்கேயே செய்தால் என்ன? 1972-ல் சீதாராமையா குழு இதைப் பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டு முதல் பச்சைத் தோல் ஏற்றுமதிக்குத் தடையும், அரைப்பதனிட்ட தோலுக்கு அளவுக் கட்டுப்பாடும் வந்தன. ஆம்பூர், இராணிப்பேட்டை வட்டாரங்களில் முழுமையான தோலும், ஷூவின் மேல்பகுதிகளும், பின்னர் முழு ஷூவும் தயாரிக்கும் ஆலைகள் பெருகியதற்கு இக்கொள்கை ஒரு பெரிய காரணம்.

ஆனால் இங்கே ஒரு வில்லங்கம் இருந்தது. பச்சைத் தோலுக்கும் பதனிட்ட தோலுக்கும் இடையே இயற்கை போட்ட கோடு உண்டு என்று பார்த்தோம். 'அரைப்பதனிட்டது', 'முழுமை பெற்றது' என்பவற்றுக்கு இடையே அப்படி எந்தக் கோடும் இல்லை. குரோம் ஏற்றிய ஈரமான நீலநிறத் தோலை 'வெட் புளூ' என்பார்கள். அதற்குச் சாயமும் எண்ணெயும் ஊட்டி உலர்த்தினால் 'கிரஸ்ட்'. அதன்மேல் பூச்சும் மெருகும் ஏற்றினால் முழுத்தோல். மெருகு எவ்வளவு ஏறினால் முழுமை? ஒரு பூச்சு போதுமா, இரண்டு வேண்டுமா? வெப்பமானி இதற்குப் பதில் சொல்லாது. மனிதர்கள் கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டியதுதான்.

ஆகவே எந்த வகைத் தோலுக்கு எந்தெந்த வேலைகள் முடிந்திருக்க வேண்டும் என்று அரசு விதிமுறை வகுத்தது. 2009 டிசம்பர் 1-ஆம் நாள் அயல்நாட்டு வணிகத் தலைமை இயக்ககம் வெளியிட்ட அறிவிப்பு அத்தகையது. 2025 வரை, ஐயம் எழுந்தால் தோல் மாதிரி சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திற்குப் போயிற்று. 1948-ல் தோன்றிய அந்நிலையம் தந்த முடிவைக் கொண்டு சரக்கின் வரிசை தீர்மானிக்கப்பட்டது.

இக்கோடும் நிலையானதன்று. 2025-ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் கிரஸ்ட் தோலுக்கு இருந்த 20 விழுக்காடு ஏற்றுமதி வரி நீக்கப்பட்டது. தோல் மாறவில்லை. நாட்டின் தேவை மாறியது, கோடும் நகர்ந்தது.

ஷூ எந்த வீட்டுப் பிள்ளை?

சரக்கை வகைப்படுத்துவது ஒருபுறம் இருக்க, தொழிலை வகைப்படுத்துவதும் ஒரு தனிக் கதை. 1901-ஆம் ஆண்டின் இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தொழில்கள் 520 குழுக்களாகப் பிரிக்கப்பட்டன. இத்தனை குழுக்களை வைத்துக்கொண்டு கணக்காளர்கள் திணறினர். 1911-ல் பிரெஞ்சுப் புள்ளியியலறிஞர் ழாக் பெர்த்தியோன் வகுத்த திட்டத்தைத் தழுவிக் குழுக்கள் 169 ஆகக் குறைக்கப்பட்டன.

அதில் ஒரு வேடிக்கை. தோல் பதனிடுபவர், கொம்பு, தந்தம் போன்றவற்றில் வேலை செய்பவரோடு ஒரே வரிசையில் வைக்கப்பட்டார். விலங்கிலிருந்து கிடைக்கும் பொருளை இருவரும் பக்குவம் செய்கிறார்கள் அல்லவா? செருப்புத் தைப்பவரோ தையற்காரரோடு உடை வரிசைக்குப் போனார். இருவரும் மனிதன் உடுத்தும் பொருளைச் செய்கிறார்கள். ஒருவர் மூலப்பொருளைப் பார்த்து வகைப்படுத்தப்பட்டார். மற்றவர் பயனைப் பார்த்து வகைப்படுத்தப்பட்டார். ஒரே தெருவில் வாழ்ந்து ஒரே தோலில் வேலை செய்த இருவர், கணக்குப் புத்தகத்தில் வெகுதூரம் பிரிந்து போனார்கள்.

ஐக்கிய நாடுகள் அவை 1948-ல் உலகம் முழுமைக்குமான தொழில் வகைப்பாட்டை உருவாக்கியபோதும் ஷூ உடைகளோடுதான் இருந்தது. 1989-ல் ஏற்கப்பட்ட மூன்றாம் திருத்தத்தில் தோலும் பையும் ஷூவும் ஒரே பிரிவுக்குள் சேர்ந்தன.

சுங்கத்துறையின் பட்டியல் இதற்கு உடன்படவில்லை. 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள உலகச் சரக்கு வகைப்பாட்டில் தோல் 41-ஆம் அத்தியாயம், தோற்பைகள் 42, ஷூ வெகுதூரம் தள்ளி 64. பதனிட்ட அல்லது கிரஸ்ட் நிலையிலுள்ள வெள்ளாட்டுத்தோல் 4106. மேலும் மெருகேற்றியது 4113. தோலால் மேல்பகுதி அமைந்த ஷூ 6403. ஆம்பூர் தைத்தனுப்பும் மேல்பகுதி மட்டும் எனில் 6406.

எது சரி என்று கேட்கிறீர்களா? இரண்டும் சரியே. சுங்க அலுவலர் கேட்பது, "பெட்டிக்குள் என்ன பொருள் இருக்கிறது?" என்பது. தொழில் வகைப்பாடு கேட்பது, "இந்தக் கூரையின்கீழ் என்ன வேலை நடக்கிறது?" என்பது. கேள்வி வேறு, ஆகவே விடையும் வேறு. ஒரு பட்டியலின் எண்ணை மற்றொரு படிவத்தில் எழுதிவிட்டு அல்லற்படுவோர் பலர் இதை உணர்வதில்லை.

வீடு மாறிய எண்கள்

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. நம் நாட்டில் இத்தகைய பட்டியல் முதலில் 1962-ல் வெளிவந்தது. பின்னர் 1970, 1987, 1998, 2004, 2008 ஆகிய ஆண்டுகளில் மாற்றி அமைக்கப்பட்டது. 1987-ன் பட்டியலில் தோல் தொழிலின் பிரிவு எண் 29. 1998-ல் அது 19 ஆயிற்று. 2008-ல் 15 ஆயிற்று. காலி செய்த வீடுகளில் வேறு குடிகள் வந்துவிட்டார்கள். 2008-ன் பட்டியலில் 19 என்றால் நிலக்கரிக் கல்கரியும் பெட்ரோலியச் சுத்திகரிப்பும். 29 என்றால் மோட்டார் வாகனங்கள்! தாத்தா காலத்துக் காகிதத்தில் உள்ள எண்ணை நம்பி எழுதும் டேனரிக்காரர், தம்மை அறியாமலே எண்ணெய்ச் சுத்திகரிப்பாளராகிவிடுவார். எண்ணை எழுதுமுன் அது எந்த ஆண்டுப் பட்டியலைச் சேர்ந்தது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெரும்பங்கு எதுவோ அதுவே தொழில்

தோலைத் தாமே பதனிட்டு, ஷூவையும் தாமே தைக்கும் ஆலை ஒன்று இருந்தால் அதன் எண் 1511-ஆ, 1520-ஆ? இதற்கு வகைப்பாட்டு அறிஞர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். எந்த வேலை பொருளின் மதிப்பை மிகுதியாகக் கூட்டுகிறதோ அதுவே முதன்மைத் தொழில். கற்பனையாக ஒரு கணக்குப் போடுவோம். 100 ரூபாய் மதிப்புள்ள ஷூவில் பச்சைத் தோலும் பிற பொருள்களும் 40 ரூபாய் என்க. பதனிடுதல் 20 ரூபாய் மதிப்பைக் கூட்டுகிறது. ஷூ செய்யும் வேலை 40 ரூபாயைக் கூட்டுகிறது. அப்படியானால் அந்த ஆலை 1520. கூட்டிய மதிப்பைக் கணக்கிட முடியாதபோது விற்பனை வரவையோ, ஊதியத்தையோ, ஆட்களின் எண்ணிக்கையையோ அளவுகோலாகக் கொள்ளலாம்.

ஆனால் இதிலும் ஒரு நுட்பம் உண்டு. கணக்கை மேலிருந்து கீழாகப் போட வேண்டும். ஒருவர் வீட்டைத் தேடும்போது முதலில் மாவட்டம், பிறகு வட்டம், பிறகு ஊர், கடைசியில் தெரு என்றுதானே போகிறோம்? அதைப் போலவே முதலில் எழுத்தால் குறிக்கப்படும் பெரும்பிரிவு, பிறகு ஈரிலக்கப் பிரிவு, அதன் பின் நான்கு இலக்க வகுப்பு.

காட்பாடி இளைஞரின் எண்

இப்போது நம் இளைஞரிடம் வருவோம். அவருடைய தொழிலுக்குக் கொதிநீர்ச் சோதனை கிடையாது. 'இணையத்தில் இருக்கிறேன்' என்பது தொழிலாகாது. அது கடை இருக்கும் தெருவின் பெயர் போன்றது. அவர் செய்யும் வேலை எது என்று பார்க்க வேண்டும். 2008 பட்டியலில் படம் தயாரிப்பது 5911. நூல் வெளியிடுவது 5811. பிறருக்காக விளம்பரம் செய்து தருவது 7310. பாடம் நடத்திக் கட்டணம் வாங்குவது, வேறு எங்கும் அடங்காத கல்வி என்னும் 8549. மணிபர்சுகளை வாங்கி இணையவழி விற்பது 4791.

அவருடைய வரவு 100 ரூபாயில் பாடம் நடத்தி 40, படங்களால் 35, மின்னூல்களால் 25 வருவதாகக் கொள்வோம். பாடம்தானே பெரிது, ஆகவே 8549 என்று நீங்கள் சொல்லக்கூடும். பொறுங்கள். படமும் நூலும் 'ஜே' என்னும் ஒரே பெரும்பிரிவைச் சேர்ந்தவை. இரண்டும் சேர்ந்தால் 60. கல்வியின் 40-ஐ அது மிஞ்சுகிறது. எனவே முதலில் 'ஜே'; அதற்குள் பெரிய பங்கு படத்துக்கு. அவருடைய முதன்மை எண் 5911. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவில் ஒன்றுக்கு மேற்பட்ட எண்களைச் சேர்க்க இடமுண்டு. ஆதலால் மற்ற வேலைகளையும் அவற்றின் ஐந்திலக்க எண்களோடு குறிப்பிடலாம், மறைக்கத் தேவையில்லை.

"என் பார்வையாளர்கள் அயல்நாட்டினர் ஆயிற்றே, அதற்குத் தனி எண் இல்லையா?" என்பது அவருடைய அடுத்த கேள்வி. தொழில் வகைப்பாட்டில் இல்லை. வாணியம்பாடித் தோல் இத்தாலிக்குப் போனாலும் சென்னைக்குப் போனாலும் டேனரியின் எண் 1511-தான். வாங்குபவர் எங்கே இருக்கிறார் என்பது வேறு பட்டியல்களின் கவலை. சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம் அதைக் கேட்கும்: சேவையைப் பெறுபவர் வெளிநாட்டில் இருக்கிறாரா, பணம் மாற்றத்தக்க அயல்நாட்டு நாணயத்தில் வருகிறதா என்பன போன்ற நிபந்தனைகள் நிறைவேறினால் அது ஏற்றுமதி. விற்கும் சேவைக்கும் அங்கே தனி எண் உண்டு. இணைய விளம்பர இடம் விற்பது 998365. டாலர் வந்து சேரும்போது வங்கி அதன் நோக்கத்தைக் கேட்டு வேறொரு குறியீட்டை எழுதிக்கொள்ளும். வருமான வரித்துறை 2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்கான படிவங்களில் சமூக ஊடகங்களில் செல்வாக்குப் பெற்றவர்களுக்கென்றே 16021 என்னும் எண்ணைச் சேர்த்தது. நான்கு மேசைகளும் கேட்பவை நான்கு வெவ்வேறு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் அதனதன் பட்டியலிலிருந்தே விடை எழுத வேண்டும்.

அயல்நாட்டிலிருந்து இங்கு வந்து படம்பிடிப்பவர்களும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். எண் என்பது பெயர்ச்சீட்டு; அனுமதிச் சீட்டு அன்று. காட்பாடியில் படிக்க வரும் வெளிநாட்டு மாணவருக்கு இங்கே தொழில் செய்ய உரிமை உண்டா என்பதை அவருடைய விசாவே தீர்மானிக்கும். 5911 என்று எழுதியதனால் அவ்வுரிமை வந்துவிடாது.

தவறான எண்ணின் விலை

ஏதோ ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போனால் என்ன? இதற்குப் பாலாறே பதில் சொல்லும். தோல் கழிவுநீரால் ஆறும் கிணறும் கெட்ட வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ல் உச்சநீதிமன்றம் புகழ்பெற்ற தீர்ப்பை அளித்தது. 'மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்' என்பது நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியே என அது நிலைநாட்டியது. டேனரிகள் மாசு மிகுந்த 'சிவப்பு' வகைத் தொழில்களில் அடங்குவன. தையல் மட்டுமே நடக்கும் கம்பெனி தன்னை 1511 என்று எழுதிக்கொண்டால், இல்லாத கழிவுநீருக்குக் கணக்குச் சொல்லும்படி நேரலாம். டேனரி ஒன்று தன்னை 1520 என்று எழுதிக்கொண்டால் அதைவிடக் கேடு. ஆற்றில் கலப்பதைக் காகிதத்தில் மறைத்ததாகிவிடும். அங்கே இழப்பு எழுதியவருக்கு மட்டுமன்று, ஊருக்கும் உண்டு.

நம் இளைஞரும் விலை கொடுக்க நேரிடலாம். இணையத்தில் மணிபர்சும் விற்கிறோமே என்று தம்மைச் சில்லறை வணிகர் என்று மட்டும் பதிவுசெய்தால் என்ன ஆகும்? 2020 ஜூலையில் வந்த புதிய சிறுதொழில் பதிவு முறையில் முதலில் வணிகர்களுக்கு இடமில்லை. 2021 ஜூலை 2-ல் சேர்க்கப்பட்டபோதும் முன்னுரிமைக் கடன் என்ற ஒரு சலுகைக்கு மட்டுமே அவர்கள் உரியவர்களானார்கள். படத் தயாரிப்பு என்னும் சேவையைச் செய்பவர் வணிகர் வரிசையில் போய் நின்றால், தமக்குரிய மற்ற சலுகைகளைத் தாமே விட்டுக்கொடுத்தவராவார்.

பட்டியல்கள் எப்போதும் தொழிலுக்குப் பின்னால்தான் நடந்து வருகின்றன. ஷூவும் தோலும் உலகத் தொழில் வகைப்பாட்டில் ஒன்றுசேர 1948-லிருந்து 41 ஆண்டுகள் பிடித்தன. இணையப் படைப்பாளருக்கும் அந்தக் காலம் வந்துகொண்டிருக்கிறது. 2023-ல் ஐக்கிய நாடுகளின் புள்ளியியல் ஆணையம் ஏற்றுக்கொண்ட ஐந்தாம் திருத்தத்தில், வெளியீடும் ஒலி, ஒளிபரப்பும் உள்ள பெரும்பிரிவின் பெயரிலேயே உள்ளடக்கத் தயாரிப்பும் அதன் விநியோகமும் இடம்பெற்றுவிட்டன. தொழிலைச் செய்பவர்கள் தங்களைச் சரியான வரிசையில் எழுதிக்கொண்டால்தான் அவர்கள் எத்தனை பேர் என்பது கணக்குக்கு வரும். கணக்கில் வந்த தொழிலுக்குத்தான் பட்டியலில் ஒரு வரி கிடைக்கும்.

நாளை உங்கள் முன்னும் இப்படி ஒரு படிவம் வரும். இதைக் கேட்பவர் யார், எதற்காகக் கேட்கிறார்? இந்தப் பட்டியல் எந்த ஆண்டினது? என் உழைப்பில் மதிப்பை மிகுதியாகக் கூட்டும் வேலை எது? இவற்றுக்கு விடை எழுதிக்கொண்டு பிறகு எண்ணைத் தேடுங்கள். வண்டி ஆம்பூரை அடைவதற்குள் நம் காட்பாடி இளைஞர் தம் படிவத்தை நிரப்பி முடித்திருப்பார்.